உக்காந்த கடை

எங்க கடை உக்காந்துருச்சுன்னு சொன்னதும் 'அடப் பாவமே'ன்னு உச்சுக் கொட்டிட்டு எந்திரிச்சுப் போயிராதீய, முழுசாக் கேட்டுட்டுப் போங்க. நொடிச்சுப்போன கதை இல்ல இது, வியாபாரம் படுத்த கதையும் இல்ல. மூணு மாடியும் கண்ணாடி முகப்பும் உச்சியில பித்தளைக் கலசமுமா நின்ன எங்க தவசிக்கனி ஜவுளி ஸ்டோர், பஜாருக்கு நட்டநடுவுல, பட்டப்பகல்ல, அத்தனை சனமும் பாத்துக்கிட்டிருக்கும்போதே காலை மடக்கித் தரையில உக்காந்துச்சே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பேரு பிரமு. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவுல, பஸ்காரன் டீ குடிக்க மட்டும் இறங்குத ஊரு எங்க ஊரு. கடையில எனக்கு நைட்டி செக்ஷன். வாய் நீளம்னு பேரு வாங்குனவ நான், கதையும் அதுக்குத் தக்கனதான் வரும், பொறுத்துக்கோங்க.

எங்க கடையில வேலைக்குச் சேந்தவ மொதல்ல படிக்கிற பாடம் நிக்கிறது. ஷட்டரைத் தூக்குனதுல இருந்து இறக்குத வரைக்கும் நிக்கணும், கூட்டம் வந்தாலும் நிக்கணும், ஈ ஓட்டுனாலும் நிக்கணும், ஆடித் தள்ளுபடியில இடிபட்டுக்கிட்டு நிக்கணும், மார்கழி மாசத்து வெறுங்கடையில இன்னும் வெறைப்பா நிக்கணும், வயித்துல பிள்ளை இருந்தாலும் நிக்கணும், மாசாமாசம் வீட்டுக்குத் தூரமா இருந்தாலும் நிக்கணும், சுவத்துல சாயக் கூடாது, மேசையில முழங்கை ஊணக் கூடாது, சிரிச்ச முகம் மாறக் கூடாது. ஆனா மனுசப் பிறவி வழி கண்டுபிடிக்காமலா இருக்கும்? கீழ்த்தட்டுல துணி தேடுதோம்னு சொல்லிக் குத்தவச்சுக்கிடுவோம். எங்க கடையில நீங்க என்ன கலர் கேட்டாலும் அது கீழ்த்தட்டுலதான் இருக்கும். "யக்கா, ஊதா இருக்கா?" "கீழ கிடக்கும், பாக்கேன்." குனிஞ்சவ கண்ணு முன்னாலயே ஊதா இருந்தாலும், கால் கடுப்பு அடங்குன பிறகுதான் அது அவ கையில தட்டுப்படும்.

இதைக் கேட்டுட்டு அண்ணாச்சியைக் கொடுமைக்காரர்னு நினைச்சிராதீய, எனக்குக் கோவம் வந்துரும். தவசிக்கனி அண்ணாச்சியும் எங்களோட நின்னாவ. சைக்கிள்ல துணிமூட்டை கட்டி ஊர் ஊராப் போயி வித்த மனுசன் இந்தக் கடையைத் திறந்த அன்னைக்கு, 'கடை சொந்தக் கால்ல நிக்கிற வரைக்கும் நான் இதுக்குள்ள உக்கார மாட்டேன்'னு சாமி படத்துக்கு முன்னால கையடிச்சுச் சொல்லிட்டாவ. ஒத்த அறை மூணு மாடியா வளந்தும் அவிய கண்ணுக்குக் கடை நின்ன பாடில்ல. நோட்டு செல்லாதுன்னாங்க, கடை தள்ளாடுதுன்னாவ. ஜிஎஸ்டி வந்துச்சு, கடை ஒத்தக் கால்ல நொண்டுதுன்னாவ. பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துச்சு, ஒரு அறை நிறைய அடுக்கி வச்சிருந்த பையைப் பாத்துப் பெருமூச்சு விட்டுட்டு மஞ்சப்பை தைக்கக் கொடுத்தாவ. முணுமுணுக்காம ஒரு சட்டத்தையும் ஏத்துக்கிட்டதில்ல, முணுமுணுத்துட்டுச் செய்யாம விட்டதும் இல்ல. படிக்கட்டு உச்சியில கையைக் கூப்பிக்கிட்டு, வாரவங்களை எல்லாம் "வாங்க, வாங்க"ன்னு கூப்புட்டுக்கிட்டு நின்னுக்கிட்டே இருப்பாவ. கல்லாவுக்குக் கூட நாற்காலி கிடையாது.

அதோட ஒரு சொல்லுக்கு எங்க கடையில இடமே கிடையாது. மத்த கடைகள்ல விளக்கை 'அணை'ன்னு சொல்ல மாட்டாங்க, 'குளிர வை'ன்னுதான் சொல்லுவாங்க இல்லையா? எங்க கடையில 'உக்காரு'ன்னு சொல்லக் கூடாது. சொன்னா கடை உக்காந்துரும், வியாபாரம் உக்காந்துரும்னு அண்ணாச்சிக்குப் பயம். பட்டு எடுக்க வாரவங்களுக்கு மட்டும் மெத்தை விரிச்சிருக்கும், அவங்ககிட்ட "அமருங்க"ன்னு சொல்லணும். வயக்காட்டுல இருந்து நேரா வாரவங்க அதைக் கேட்டுட்டு, இவ என்ன டிவியில செய்தி வாசிக்கிறவ மாதிரிப் பேசுதாளேன்னு சிரிப்பாங்க.

இனி வடிவக்கா. சண்முகவடிவுன்னு முழுப்பேரு, பட்டு செக்ஷன். ஒரு சேலையை உதறித் தோள்ல போட்டுக் காட்டுனான்னா, கல்யாணப் பொண்ணு தன்னையே அதுல பாத்துக்கிடும், வேற கடை தேடிப் போகாது. புருசன் போயிட்டாரு, மக நர்சுக்குப் படிக்குது, அக்கா சம்பளத்துலதான் வீட்டுல உலை கொதிக்குது. எங்க எல்லாரையும் விட அதிக வருசம் நின்னவ அவதான். நின்னு நின்னு கெண்டைக்கால்ல நரம்பு பச்சையா முடிச்சு முடிச்சாச் சுருண்டுக்கிடுச்சு, கணுக்காலுக்கு மேல தோலு கறுத்துப்போச்சு. பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டர் காலைத் தொட்டுப் பாத்துட்டு, "இனிமே நின்னு வேலை பாக்கக் கூடாதும்மா, ஒருநாள் நரம்பு வெடிச்சுரும். வெடிச்சா உடனே படுக்க வச்சுக் காலை உசரத் தூக்கி அமுக்கிப் பிடிக்கணும்"னு சொன்னாரு. அக்கா சரி சரின்னு தலையாட்டிட்டு வெளிய வந்து, "நிக்கக் கூடாதுன்னா நான் வேலைக்கே போவக் கூடாதுன்னுதான பிரமு அர்த்தம்?"னு கேட்டா. ஆளுக்கொரு சர்பத்து குடிச்சுட்டு பஸ் ஏறிட்டோம்.

அப்பத்தான் அந்தச் சட்டம் வந்துச்சு. கடை கண்ணியில வேலை பாக்குத எல்லாருக்கும் உக்கார இருக்கை கொடுக்கணும்னு சர்க்கார் சொல்லிருச்சு. பேப்பர்ல பாத்துட்டு நாங்க நம்பல. உக்கார்றதுக்கு ஒரு சட்டமாட்டின்னு நைட்டிக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டுச் சிரிச்சோம். வடிவக்கா மட்டும் சிரிக்கல, அந்தப் பக்கத்தை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டா.

அண்ணாச்சி ஸ்டூல் வாங்குனாவ. சட்டம்னா சட்டம்தான. சேப்பு கலர்ல, நல்ல கனமான ஸ்டூலு. வாங்கி, கவரைக் கூடப் பிரிக்காம எல்லாத்தையும் அலமாரிக்கு மேல அடுக்கி வச்சுட்டாவ. தொழிலாளர் துறையில இருந்து ஒரு மேடம் பாக்க வந்தாவ. அண்ணாந்து பாத்துட்டு, "என்ன அண்ணாச்சி, இது உக்காரவா, கொலு வைக்கவா?"ன்னு கேட்டாவ.

அண்ணாச்சிக்கு முகம் சிறுத்துப்போச்சு. "அம்மா, நான் சட்டத்துக்கு விரோதி இல்ல. பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும்னு எனக்குத் தெரியாதா, நானும் நிக்கேன்லா? ஆனா அந்தச் சொல்லு ஆகாதும்மா. இத்தனை பேரும் ஒண்ணா... அமந்தா, கடையும் கூடச் சேந்து அமந்துரும்."

மேடம் நல்ல மாதிரி. கோவப்படல, சிரிச்சுட்டாவ. "அப்ப கடைக்கும் சேத்து ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுருங்க அண்ணாச்சி. அடுத்த தடவை நான் வரும்போது பிள்ளைங்க உக்காந்திருக்கணும்."

மறுநாள் காலையில அண்ணாச்சியே ஏணி போட்டு ஏறி ஸ்டூலை எல்லாம் இறக்கி, கவரைப் பிரிச்சு, ஒவ்வொரு செக்ஷன்லயும் கொண்டு போயி வச்சாவ. வச்சுட்டு வாசலுக்குப் போயி எங்களுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பாத்து நின்னுக்கிட்டு, "சர்க்கார் சொல்லுது. அமருங்க"ன்னாவ. யாரு மொதல்ல உக்கார்றது? ஒருத்தி முகத்தை ஒருத்தி பாக்கோம். சாமி சன்னதியில செருப்போட நிக்கிற மாதிரி எல்லாருக்கும் ஒரு கூச்சம். கடைசியில வடிவக்காதான், "எனக்கு முடியலட்டி"ன்னு சொல்லிட்டு, முந்தானையால ஸ்டூலைத் துடைச்சுட்டு, மெல்ல உக்காந்தா. உக்காந்தவ 'உஸ்ஸ்...'னு ஒரு மூச்சு விட்டா. எத்தனை வருசத்து மூச்சோ, தெரியல.

அதே மூச்சு தரைக்கு அடியில இருந்தும் வந்துச்சு.

எருமை தொழுவத்துல படுக்கும்போது ஒரு மூச்சு விடுமே, அந்த மாதிரி 'உஸ்ஸ்...'னு விட்டுட்டு, எங்க கடை முன்பக்கமாக் கொஞ்சம் குனிஞ்சு, பின்பக்கமாக் கொஞ்சம் சாஞ்சு, அங்கிட்டும் இங்கிட்டும் ஒரு அசை அசைஞ்சு, நிதானமா, வயசானவங்க கையை ஊணி உக்கார்ற மாதிரியே தரையில உக்காந்துச்சு. ஒரு கண்ணாடி விரியல, ஒரு சேலை சரியல, கல்லா மேல இருந்த டீ கிளாஸ்ல ஆடை கூட ஆடல. வெளிய நின்னு பாத்தவங்க சொன்னாங்க, படிக்கட்டு ஒவ்வொண்ணா உள்ள மடங்கிப் போயிருச்சாம். உசரத்துல நின்னு ரோட்டைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டிருந்த அண்ணாச்சி, கும்பிட்ட கை கும்பிட்டபடியே இறங்கி வந்து, ரோட்டுல நின்ன எலுமிச்சம்பழக்காரி மூஞ்சிக்கு நேரா நின்னாவ. அவ பதறாம, "வாங்க அண்ணாச்சி, பழம் வேணுமா?"ன்னு கேட்டா.

"நான் அப்பவே சொன்னேன்லா"ன்னு மட்டும் அண்ணாச்சி சொன்னாவ.

எங்க ஊரு எதுக்கும் ரொம்ப நேரம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காது, அவனவனுக்குச் சோலி கிடக்கு. நகராட்சி இன்ஜினியர் வந்து ஓரமாத் தோண்டிப் பாத்தாரு. தூணெல்லாம் உடையாம, விரிசல் இல்லாம, சம்மணம் போட்ட மாதிரி மடங்கி இருந்துச்சு. ஒரு தூணைத் தொட்டவரு சட்டுனு கையை எடுத்துட்டு, "வெதுவெதுன்னு இருக்கு"ன்னாரு. கட்டடம் நிக்கிறதுக்குத்தான் விதி இருக்கு, உக்கார்றதுக்கு ஒரு விதியும் இல்ல, அதனால குத்தமும் இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டு, வீட்டுக்கு ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போனாரு. கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து வயரை நீட்டிக் கொடுத்தாங்க. வாஸ்து பாக்குறவரு சுத்திச் சுத்தி வந்து, நின்ன கடைக்குத்தான் எனக்குப் பலன் தெரியும்னு கையை விரிச்சுட்டாரு. மொத மாடி சன்ஷேடு ஆள் கைக்கு எட்டவும் பூக்காரி அதுல கூடையைத் தொங்க விட்டா. போர்டு எழுத்து எட்டவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க 'த'னாவையும் 'வ'னாவையும் விரலால தடவிப் பழகுச்சுக. எவனோ சுவத்துல குங்குமத்தைத் தடவிச் சூடம் ஏத்திட்டான், அண்ணாச்சி விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு வெரட்டுனாவ. படி இல்லாமப் போனதுல ஒருநாள் மாடு ஒண்ணு உள்ள வந்து பச்சைக் காட்டன் சேலை ஒண்ணை மோந்து பாத்துட்டுப் பிடிக்காமப் போயிருச்சு. "கீழ்த்தட்டுல வேற காட்டுடி"ன்னு நான் சொன்னேன், கடையே சிரிச்சுது.

மாடு மட்டுமா வந்துச்சு? அந்த உசரமான படியைப் பாத்தே இத்தனை வருசமாத் திரும்பிப் போனவங்க எல்லாம் வந்தாங்க. முட்டிவலிக்காரங்க வந்தாங்க, நிறைமாசக்காரங்க வந்தாங்க, கம்பு ஊணி வந்தாங்க, சக்கர நாற்காலியை உருட்டிக்கிட்டு வந்தாங்க. "உள்ள இம்புட்டுப் பெருசா இருக்குமாட்டி?"ன்னு சுத்திச் சுத்திப் பாத்தாங்க. அவங்க பக்கத்துல ஸ்டூலைப் போட்டு நாங்களும் உக்காந்து துணியை மடியில விரிச்சுக் காட்டுனோம். உக்காந்துக்கிட்டு துணி பாக்குறவங்க அவசரப்படல, வீட்டுக் கதை எல்லாம் சொன்னாங்க, ஒண்ணு எடுக்க வந்தவங்க ரெண்டா எடுத்தாங்க. வடிவக்கா கால்ல வீக்கம் வடிஞ்சுது. மதியம் ஆள் இல்லாத நேரம் சுவத்துல காதை வச்சா, கடை மெல்ல மூச்சு விடுறது கேக்கும். நாங்க யாரும் அதைப் பத்திப் பேசிக்கிடல. தூங்குத பிள்ளையைப் பத்தி யாரு சத்தமாப் பேசுவா?

இப்படியே போயிருந்தா இதுல கதையே இல்ல. வினை எங்க இருந்து வந்துச்சுன்னா, எங்க வாயில இருந்துதான்.

பஜார்ல ஆரம்பிச்ச பேச்சு பஸ் ஏறிருச்சு. 'தவசிக்கனி கடை உக்காந்துருச்சு.' திருநெல்வேலியில அதைக் கேட்டவன் மதுரைக்குச் சொன்னான், மதுரைக்காரன் ஈரோட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் சொன்னான். சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்ல. ஆனா கேட்டவன் என்ன நினைப்பான்? நீங்க என்ன நினைச்சீங்க மொதல்ல? அதேதான். தீபாவளிக்கு முந்துன அந்தச் சமயத்துல, சரக்கு ஏத்திட்டு வர வேண்டிய லாரி எங்க ஊரு பக்கமே திரும்பல. ஈரோட்டுல இருந்து குழந்தைசாமி ஐயா, அண்ணாச்சி சைக்கிள்ல வித்த காலத்துல இருந்து துணி கொடுக்குறவரு, போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டதால நாங்களும் கேட்டோம்.

"ஏனுங்க அண்ணாச்சி, கடை உக்காந்துருச்சாமாங்க?"

அண்ணாச்சி பொய் சொல்லாத மனுசன். "ஆமாய்யா, உக்காந்துருச்சு. ஆனா நல்லா ஓடுது."

"உக்காந்தது எப்படிங்க ஓடும்?"

"உக்காந்துக்கிட்டேதான்யா ஓடுது. முன்னைக்கு இப்ப நல்லா ஓடுது."

"மனசை விட்றாதீங்க அண்ணாச்சி. உடம்பைப் பாத்துக்குங்க. அப்புறம் பேசலாமுங்க"ன்னு சொல்லி வச்சுட்டாரு. காஞ்சிபுரத்துக்காரரும் இப்படியே. சூரத்துக்காரனுக்கு அண்ணாச்சி தனக்குத் தெரிஞ்ச இந்தியில விளக்கிச் சொன்னாவ, அவன் சந்தேகப்பட்டு மத்த கடைக்காரங்களையும் உசார் படுத்திட்டான்.

அலமாரி காலியாச்சு. வாரவங்க கேக்குறது கீழ்த்தட்டுல மட்டும் இல்ல, மேல்தட்டுலயும் இல்ல. தீபாவளியைத் தவற விட்ட ஜவுளிக்கடை பொங்கலைப் பாக்காது, இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சி எங்களை ஒரு சொல்லு சொல்லல. காலி அலமாரியைத் துணியால துடைச்சுத் துடைச்சு வச்சாவ. ஆனா ஊரு சும்மா இருக்குமா? "எவ மொதல்ல உக்காந்தா?"ன்னு கேட்டுச்சு. "சண்முகவடிவா? அவ உக்காந்த நேரம், பாவம் அந்த மனுசன்"னு எலுமிச்சம்பழக்காரி காதுபடச் சொன்னா. நான் சண்டைக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டா.

மறுநாள் வந்ததும் வடிவக்கா தன் ஸ்டூலைத் தூக்கி அலமாரிக்கு மேல வச்சா.

"என்னக்கா இது?"

"எந்திரிச்சுப் பாப்போம்ட்டி. நாம உக்காரவும்தான கடை உக்காந்துச்சு? நாம நின்னா நின்னாலும் நிக்கும்."

"ஒன் காலு?"

"என் காலுக்கு என்ன, இத்தனை நாளும் நிக்கலையா? கடை போச்சுன்னா என் மக படிப்பு போச்சு. ஒன் வீட்டு அடுப்பு அணைஞ்சுரும். நீ பேசாம எந்திரி."

எந்திரிச்சோம். ஒருத்தி பின்னால ஒருத்தி, நைட்டி செக்ஷன், சுடிதார் செக்ஷன், மேல் மாடி, கீழ் மாடி, எல்லாரும் ஸ்டூலை மேல ஏத்திட்டு எந்திரிச்சு நின்னோம். அண்ணாச்சி பாத்தாவ. வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தாவ, காலி அலமாரியைப் பாத்தாவ, வாயை மூடிக்கிட்டாவ. அன்னைக்கு முழுக்க நின்னோம். உக்காந்து பழகுன காலு ரெண்டு மடங்கு வலிச்சுது. சாயங்காலம் வாசல்ல இருந்து அண்ணாச்சி, "ஏட்டி, இங்க வாங்களேன்!"னு சின்னப்பிள்ளை மாதிரிக் கூப்புட்டாவ. போயிப் பாத்தா, தரைக்கு மேல ஒரு படி எட்டிப் பாக்குது. அண்ணாச்சி கண்ணுல தண்ணி.

மறுநாளும் நின்னோம், இன்னொரு படி வந்துச்சு. அதுக்கு மறுநாளும். கடை எந்திரிக்கிறது உள்ள நின்னா தெரியும், சுவரெல்லாம் முனகும், உடம்புக்கு முடியாதவளை வேலைக்கு எழுப்புனா முனகுவாளே, அப்படி. சக்கர நாற்காலியில வந்த ஒருத்தர் படியைப் பாத்துட்டு நாற்காலியைத் திருப்பிக்கிட்டுப் போனாரு. அதை நானும் பாத்தேன், அண்ணாச்சியும் பாத்தாவ.

ஒரு முகூர்த்தப் பட்டு எடுக்க ஆலங்குளம் பக்கத்துல இருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. இருந்த கொஞ்சச் சரக்கையே வடிவக்கா பெருசாக் காட்டிக்கிட்டிருந்தா. அரக்குச் சேலை ஒண்ணை உதறித் தோள்ல போட்டு, பொண்ணைப் பாத்துச் சிரிச்சா. பொண்ணு அக்கா தோளைப் பாக்கல, தரையைப் பாத்துச்சு. "யக்கா, ஒங்க காலு..."ன்னுச்சு.

வெள்ளைத் தரையில ரத்தம் ஓடுது. நரம்பு வெடிச்சு, குழாய் திறந்த மாதிரி வருது. அக்காவுக்கு வலியே தெரியலையாம், அப்பவும், "சேலையில பட்டுரப் போவுது, எடுங்கட்டி"ங்கா. எனக்குக் கை கால் ஓடல, வாய் மட்டும் ஓடுச்சு: "படுக்க வையிங்க! காலைத் தூக்குங்க!"

ஓடி வந்தது அண்ணாச்சி. அக்காவைப் படுக்க வச்சு, தட்டுல இருந்த புது வேட்டியை எடுத்து டர்ருனு கிழிச்சு, வெள்ளைத் தரையில, ரத்தத்துக்குள்ளேயே சப்பணம் போட்டு உக்காந்து, வடிவக்கா காலைத் தூக்கித் தன் தோள்ல சாத்தி, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சாவ. கடை திறந்த நாள்ல இருந்து அந்த மனுசன் அங்க உக்காந்து யாரும் பாத்ததில்ல. பிடிச்ச காலைப் பக்கத்துல வச்சு அப்பத்தான் பாத்தாவ, அந்த முடிச்சையும் அந்தக் கறுப்பையும். பாத்துட்டு உடைஞ்சுட்டாவ.

"கடை சொந்தக் கால்ல நிக்கணும்னு வேண்டுனேனே தாயி"ன்னு அழுதாவ. "இத்தனை வருசமா அது ஒங்க கால்லலா நின்னுருக்கு."

"விடுங்க அண்ணாச்சி, சபதம் போச்சே..."ன்னு அக்கா படுத்தபடியே முனங்குனா.

அண்ணாச்சி தலையை நிமித்தி, அதுவரைக்கும் எங்களைப் பாத்து அவிய சொல்லியிராத சொல்லைத் தொண்டை கிழியச் சொன்னாவ: "உக்காருங்கட்டி! எல்லாரும் உக்காருங்க! ஒருத்தி நிக்கக் கூடாது, உக்காருங்க!"

உக்காந்தோம். நின்ன நின்ன இடத்துல, தரையில, அப்படியே உக்காந்தோம். கல்யாணப் பொண்ணும் உக்காந்துச்சு, அவங்க மாமாவும் மாமியும் உக்காந்தாங்க. எங்களுக்கு அடியில கடை 'உஸ்ஸ்...'னு ஒரு மூச்சு விட்டுட்டு, வந்த படியை எல்லாம் மடக்கிக்கிட்டு, பழையபடி உக்காந்துச்சு. ஆம்புலன்ஸ்காரங்க ஸ்ட்ரெச்சரை அலுங்காமக் குலுங்காம நேரா உள்ள தள்ளிட்டு வந்தாங்க. படி ஏறி இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?

பெரியாஸ்பத்திரியில அக்கா காலுக்கு ஆபரேசன் பண்ணுனாங்க, பிழைச்சுக்கிட்டா. அங்க வராந்தாவுல நின்னுதான் அண்ணாச்சி ஈரோட்டுக்குப் போன் போட்டாவ. "ஐயா, கடை உக்காந்துருச்சு. நானும் உக்காந்துட்டேன். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல, வந்து பாத்துட்டுப் போங்க."

குழந்தைசாமி ஐயா துட்டி கேக்கச் சாவு வீட்டுக்கு வார மாதிரி வந்தாரு. வெள்ளைச் சட்டை, வாடுன முகம், காருக்குள்ள ஒரு மாலை இருந்துச்சுன்னு டிரைவர் பிறகு சொன்னான். வந்து இறங்குனவரு கடையைக் கீழ இருந்து மேல பாக்கல, பாக்க முடியாதே, நேருக்கு நேராப் பாத்தாரு. கலசம் கிட்டத்துல தெரியுது. அலமாரியில பாதி காலி, ஆனா உக்கார ஸ்டூல் காலி இல்ல. முட்டிவலிக்காரங்க எல்லாம் உக்காந்து, வராத சரக்குக்காக எங்ககூடக் கதை பேசிக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க. "எப்பம்மா வரும்?"னு கேக்காங்களே தவிர ஒருத்தரும் எந்திரிக்கல. அவரு சுவத்துல கையை வச்சாரு. வச்ச கையை ரொம்ப நேரம் எடுக்கல.

"இது நெசமாவே உக்காந்துதானுங்க இருக்குது"ன்னாரு.

"அதைத்தானய்யா நானும் சொன்னேன்"னாவ அண்ணாச்சி.

லாரி வந்துச்சு. உக்காந்த கடையில மொத மாடி ஜன்னலும் லாரித் தட்டும் ஒரே மட்டம், மூட்டையை யாரும் முதுகுல சுமக்கல, தள்ளிவிட்டா உள்ள போச்சு. தீபாவளி எப்படி நடந்துச்சுன்னு நான் சொன்னா கண்ணு பட்டுரும், விடுங்க. எதுத்த கடைக்காரரு பரண்ல போட்டு வச்சிருந்த ஸ்டூலை இறக்கித் துடைச்சாரு, அந்தக் கடையும் ஒரு பக்கமா முட்டியை மடக்கிப் பாக்குதுன்னு பேச்சு. இப்ப எங்க ஊர்ல மகளைக் கட்டிக் கொடுத்தவங்ககிட்ட, பிள்ளை நல்லா இருக்காளான்னு கேட்டா, "உக்காந்துட்டா தாயி, நல்லா உக்காந்துட்டா"ங்காங்க. வெளியூர்க்காரங்க பதறிப் போறாங்க. பதறட்டும்.

வடிவக்கா கார்த்திகையில திரும்பி வந்தா. கால்ல கட்டு, பக்கத்துல மக. ஒரு படி ஏறாம, ஒரு ஆள் தோளைப் பிடிக்காம, ரோட்டுல நடக்கிற மாதிரியே நடந்து உள்ள வந்தா. வாசல்ல சேப்பு ஸ்டூல்ல உக்காந்து வாரவங்களைக் கும்பிட்டுக்கிட்டிருந்த அண்ணாச்சி, அவளைப் பாத்ததும் பழக்கதோசத்துல எந்திரிச்சு நின்னுட்டாவ. அப்படியே தன் ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயி பட்டு செக்ஷன்ல போட்டு, தோள்துண்டால துடைச்சாவ.

"உக்காரு தாயி."

"நீங்க மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி."

"ஏட்டி, ஒனக்குத்தான காலு?"

"ஒங்களுக்கு மட்டும் கால் இல்லையா?"

எனக்குப் பொறுக்கல. "ரெண்டு பேரும் உக்காருங்க, கூட்டம் வருது"ன்னு ஒரு சத்தம் போட்டு, என் ஸ்டூலையும் கொண்டு போயிப் போட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே உக்காந்தாங்க. அவங்க உக்காரவும், எங்க கடையும் கொஞ்சம் நகந்து, வசதியா உக்காந்துக்கிடுச்சு.